ஆல்தோவா, டிஸ்பைட்டா?
ஆங்கிலத்தில் 'இருந்தாலும்' என்ற பொருளில் வரும் இரண்டு சொற்கள் ஆல்தோ, டிஸ்பைட். எதை எங்கே போடுவது? வேலூர் வெயிலையே எடுத்துக்கொள்வோம். 'ஆல்தோ இட் வாஸ் ஹாட், வீ வாக்டு டு த ஃபோர்ட்' என்று எழுதும்போது ஆல்தோவுக்குப் பின்னால் இட் என்ற ப்ரோநவுனும் வாஸ் என்ற வெர்பும் கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் அது கன்ஜங்ஷன், அதாவது இணைப்புச்சொல், தனக்குப் பின்னால் எழுவாயும் வினையும் கேட்கும். டிஸ்பைட் வெறும் ப்ரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல். 'டிஸ்பைட் த ஹீட்' என்று ஒரு பெயர்ச்சொல்லோடு முடிந்துவிடும். 'டிஸ்பைட் இட் வாஸ் ஹாட்' தப்பு. வினை வேண்டுமென்றால் 'டிஸ்பைட் பீயிங் டயர்டு' மாதிரி எழுதலாம். அப்புறம், ஆல்தோ போட்டுவிட்டு நடுவில் பட் சேர்க்காதீர்கள். 'வெயில் அடித்தாலும் கோட்டை வரை நடந்தோம்' என்பதில் நடுவே 'ஆனால்' போடுகிறோமா, இல்லையே! காட்பாடியில் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு என் சிபாரிசு ஆல்தோதான். யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பது தெளிவாக வந்துவிடும். எழுத்தில் வரி நீண்டுபோனால் மட்டும் டிஸ்பைட்.