'ஆர்த்தோ பேக்' வாங்கப் போகிறீர்களா? வெறும் பையை எடை போட்டுவிட்டு வாங்குங்கள்

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது பாரிமுனைப் பக்கம் ஒரு பைக் கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலாம் வகுப்புக்குப் போகிறாள், எடை 24 கிலோ. "இது ஆர்த்தோ பேக் அக்கா, முதுகு வலிக்காம இருக்கறதுக்குன்னே செஞ்ச பை. எவ்வளவு புத்தகம் வச்சாலும் பாப்பாவுக்கு வெயிட்டே தெரியாது" என்றார் கடைக்காரர். முதுகெலும்புப் படம் போட்ட அட்டை ஒன்று பையில் தொங்கியது. "பெரிய சைஸா எடுங்க, ரெண்டு வருஷம் வரும்" என்றும் சொன்னார். 2,350 ரூபாய். பிள்ளையின் முதுகு விஷயமாயிற்றே என்று பேரம்கூடப் பேசவில்லை.

ஜூன் மூன்றாவது வாரம், தலை பின்னிவிடும்போது பார்க்கிறேன், இரண்டு தோளிலும் சிவப்பாகத் தடம். கழுத்துக்குக் கீழே தொட்டாலே முகத்தைச் சுளித்தாள். பை இடுப்பையும் தாண்டித் தொங்கியதால், அது பின்னால் இழுக்க இழுக்க இவள் முன்னால் வளைந்து நடந்திருக்கிறாள். வகுப்பு மூன்றாவது மாடியில் வேறு.

அன்று பழைய பேப்பர் எடுக்க வந்தவரின் தராசில் பையை மாட்டிப் பார்த்தேன். புத்தகம், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் சேர்த்து 5 கிலோ 300 கிராம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் பையை மாட்டினால் 1 கிலோ 400 கிராம்! மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி, பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. என் மகளுக்கு 2 கிலோ 400 கிராம். அதில் பாதிக்கு மேல் வெறும் பையே தின்றுவிட்டது.

ஏன் இவ்வளவு கனம் என்று உள்துணியைப் பிரித்தேன். முதுகுப் பக்கம் முழுக்கக் கெட்டியான பிளாஸ்டிக் பலகை. அதன் கீழ் விளிம்புதான் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. 'குஷன்' என்று காட்டிய மேடுகளுக்குள் விரல் அழுத்தினாலே உதிரும் ஸ்பாஞ்சுத் துண்டுகள். இடது பட்டையின் தையலும் அதற்குள் பாதி பிரிந்திருந்தது.

எலும்பு டாக்டரிடம் காட்டினோம். முதுகெலும்பு வளைந்துவிடும் என்றெல்லாம் பயப்பட வேண்டாம், இது தசைவலி, பையை மாற்றிச் சுமையைக் குறையுங்கள் என்றார். எக்ஸ்ரேகூட எடுக்கச் சொல்லவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்புறம் கடைக்குப் போனேன். பிய்ந்த பட்டையைக் காட்டினால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் இருந்த வரியைக் காட்டினார். வலி என்றதும் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். முதுகை நிமிர்த்தும் பெல்ட்டாம், 950 ரூபாய், "பாப்பாவுக்கு இதைப் போட்டுவிட்டு, மேலே பையை மாட்டி அனுப்புங்க, சரியாயிடும்." இவர் விற்ற பையால் வந்த வலிக்கு இவரே மருந்தும் விற்கிறார்! எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பில்லில் அப்படி அச்சடித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். பில்லும் பிய்ந்த தையலின் போட்டோவும் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. பத்து நாளில் கடையிலிருந்தே கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்தார்கள்.

இப்போது வைத்திருப்பது 550 கிராம் பை. தோளுக்குக் கீழே தொடங்கி இடுப்போடு நிற்கிறது, பட்டை அகலம். வகுப்பு ஆசிரியையிடம் பேசி, அன்றைக்கு வேண்டாத நோட்டுகளை வகுப்பிலேயே வைத்துவிட்டு வருகிறாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அதே பை, அதே முதுகெலும்பு அட்டையோடு, முன்வரிசையில் தொங்குகிறது. 'ஆர்த்தோ' என்ற வார்த்தையைப் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிப் போய் மாட்டிப் பாருங்கள், வெறும் பையை எடை போடச் சொல்லுங்கள். தராசு இல்லை என்பார்கள். பக்கத்து மளிகைக் கடையில் இருக்கும்.