போனவரும் அவர் விட்டுப்போன இடமும்: நைட்ரோ, ரா, ஸ்மாக்டவுன்

1995 செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் நடுவே ரிங் அமைத்து, முடிவுகள் முன்பே எழுதப்படும் தொழில்முறை மல்யுத்தத்தை நடத்திய டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் தன் 'நைட்ரோ' தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. அன்று இரவு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் லெக்ஸ் லூகர் நடந்து வந்தார். முந்தைய நாள் வரை போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்காக ரிங்கில் இறங்கியவர் அவர். அதன்பின் ஐந்தரை ஆண்டுகள், திங்கட்கிழமை இரவுகளில் நைட்ரோவும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் 'ரா'வும் நேருக்கு நேர் மோதின. அந்த மோதலில் வீரர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியதே பாதிக் கதை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் யார் யாரை இழுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கையே போடுகிறார்கள். அந்தக் கணக்கின்படி நைட்ரோதான் வென்றிருக்க வேண்டும். ஒருவர் வந்ததும் ஏற்கெனவே அங்கு இருந்தவர்களின் நிலை என்ன ஆயிற்று, ஒருவர் போனதும் அவர் இருந்த படியில் யாரை ஏற்றினார்கள் என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நைட்ரோவின் மிகச் சிறந்த வரவு 1996 மே 27 அன்று நிகழ்ந்தது. ஒரு சாதாரணப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஜீன்ஸ் உடையில் ஸ்காட் ஹால் பார்வையாளர் கூட்டத்தின் வழியே இறங்கி வந்து, தடுப்பைத் தாண்டி ரிங்குக்குள் ஏறி, மைக்கைக் கேட்டு வாங்கினார். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஏன் வந்திருக்கிறேன் என்றுதான் தெரியாது என்ற பொருளில் அவர் பேசத் தொடங்கியபோது, இவர் இன்னமும் ராவின் ஆளா, அங்கிருந்து படையெடுத்து வந்தவரா என்று பார்த்தவர்கள் குழம்பிப்போனார்கள். அந்தக் குழப்பத்துக்காகவே டபிள்யூ.டபிள்யூ.எஃப். வழக்குத் தொடுத்தது. இரண்டு வாரங்களில் கெவின் நாஷ் வந்து சேர்ந்தார். ஜூலை 7 அன்று ஹல்க் ஹோகன் தன் நெடுநாள் ஹீரோ வேடத்தைக் களைந்துவிட்டு அவர்களோடு கைகோத்தார். 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' என்ற அந்தக் கூட்டணியின் பலத்தில், 1996 ஜூன் முதல் 1998 ஏப்ரல் வரை, நேருக்கு நேர் மோதிய 83 வாரங்களும் தொடர்ச்சியாக நைட்ரோ ரேட்டிங்கில் முந்தி நின்றது. இங்கே ஆட்களின் வரவே கதையாகவும் இருந்ததால்தான் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்தது.

அதே ஹாலையும் நாஷையும் இழந்த பக்கத்தில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹாலும் நாஷும் அங்கே ஏற்றிருந்த ரேஸர் ரமோன், டீசல் என்ற பெயர்களும் வேடங்களும் தன் சொத்து என்று கருதிய டபிள்யூ.டபிள்யூ.எஃப்., அந்த ஆண்டின் செப்டம்பரிலேயே வேறு இருவருக்கு அதே உடையை அணிவித்து ரிங்கில் இறக்கியது. ரசிகர்கள் ஏற்கவில்லை, நகல் நகலாகவே தெரிந்தது. ஆனால் போலி டீசலாக வந்து தோற்ற அந்த க்ளென் ஜேக்கப்ஸ்தான், அடுத்த ஆண்டு அக்டோபரில் சிவப்பு முகமூடியோடு அண்டர்டேக்கரின் தம்பி கேனாக வந்து அரங்கத்தை நடுங்கவைத்தார். காலியான நாற்காலியில் போனவரின் சாயலை உட்காரவைத்தது பலிக்கவில்லை. அதே ஆளுக்குப் புது நாற்காலி செய்து கொடுத்தது பல ஆண்டுகளுக்குப் பலித்தது.

இன்னொரு விளைவு யாரும் திட்டமிடாதது. ஹாலும் நாஷும் விலகுவதற்கு முன், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஹீரோ வில்லன் வேறுபாட்டை மறந்து நண்பர்கள் நால்வர் ரிங்கில் கட்டித்தழுவி விடைபெற்றார்கள். கிளம்புகிற இருவரையும் தண்டிக்க முடியாது, ஷான் மைக்கேல்ஸோ அப்போதைய சாம்பியன். ஆகவே தண்டனை முழுவதும் நால்வரில் எஞ்சிய டிரிபிள் எச்சின் தலையில் விழுந்தது. அவருக்கு என்று வைத்திருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' தொடரின் வெற்றி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போயிற்று. ஆஸ்டினோ, முந்தைய ஆண்டு காயத்தோடு இருந்தபோது டபிள்யூ.சி.டபிள்யூ. வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள். நைட்ரோ கழித்துவிட்ட ஒருவர், நைட்ரோ இழுத்துக்கொண்டவர்களால் உண்டான வெற்றிடத்தில் ஏறி நின்று, பின்னாளில் நைட்ரோவையே வீழ்த்தினார். இந்த ஒரு சங்கிலி போதும் என் வாதத்துக்கு.

1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியாலில், நைட்ரோவுக்குக் கிளம்பவிருந்த சாம்பியன் பிரெட் ஹார்ட்டுக்கு இழைக்கப்பட்டதை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் ஒப்பீட்டுக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஹார்ட் அறியாமலே போட்டியை முடித்து, சாம்பியன் பெல்ட்டை மைக்கேல்ஸிடம் கொடுத்து அனுப்பினார் டபிள்யூ.டபிள்யூ.எஃப். உரிமையாளர் வின்ஸ் மெக்மான். ரசிகர்களின் உண்மையான கோபம் முழுவதும் மெக்மான் மீது திரும்பியது. அந்தக் கோபத்தையே அவர் 'மிஸ்டர் மெக்மான்' என்ற வில்லனாக மாற்றிக்கொண்டார். நைட்ரோவுக்கோ உலகின் தலைசிறந்த மல்யுத்த வீரர்களில் ஒருவர், நாடே அவருக்காக இரங்கிக்கொண்டிருந்த வேளையில் கிடைத்தார். அடுத்த மாதம் ஆண்டின் மிகப்பெரிய நிகழ்ச்சியில் அவரை நடுவர் சட்டையோடு நிறுத்தினார்கள். எங்கள் தலைமுறை பள்ளி வராந்தாவில் விளையாடிய ரெஸ்லிங் சீட்டுகளில் ஒவ்வொரு வீரருக்கும் ரேங்க், உயரம், எடை என்று எண்கள் அச்சிட்டிருக்கும். சீட்டு எந்தக் கைக்குப் போனாலும் எண் மாறாது. திங்கட்கிழமை இரவில் அந்த எண் கை மாறும்போதே மாறியது. ஆள் நைட்ரோவுக்குப் போனார், கதை ராவிடமே தங்கிவிட்டது. 1998 ஏப்ரல் 13 அன்று அந்த 83 வார ஓட்டத்தை முறித்ததும், ஆஸ்டினும் மெக்மானும் மோதப்போகிறார்கள் என்ற அறிவிப்புதான்.

நைட்ரோவின் மேல்படி ஏன் அடைந்துபோயிற்று என்பதற்கு ஒப்பந்தங்களே முக்கியக் காரணம். டபிள்யூ.சி.டபிள்யூ.வின் பின்னால் இருந்த தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னரின் பணபலத்தால் உத்தரவாதமான பெருந்தொகையும் குறைவான வேலை நாட்களும் கொடுக்கப்பட்டன. ஹோகனுக்குத் தன் கதையின் போக்கை மறுக்கும் உரிமையே எழுத்தில் இருந்தது. தங்கள் மண்ணில் வளர்த்த கோல்ட்பெர்க் 1998 ஜூலையில் அட்லாண்டாவில் ஹோகனை வீழ்த்தியபோது ஒரு கதவு திறந்தது. ஆண்டு முடிவதற்குள் நாஷிடம் அவரைத் தோற்கவைத்து அதையும் சாத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 1999 ஜனவரி 4 அன்று, ஹோகன் விரலால் நெஞ்சில் தொட, நாஷ் மல்லாந்து விழுந்து பெல்ட்டைக் கொடுத்தார். அதே இரவு ராவில், பல ஆண்டுகள் அடிபட்டு உழைத்த மிக் ஃபோலி சாம்பியன் ஆனார். முன்பே பதிவாகியிருந்த அந்த முடிவை நைட்ரோ வர்ணனையாளர் முன்கூட்டியே ஏளனமாக அறிவித்தும், இலட்சக்கணக்கானோர் அதைக் காணவே சேனலை மாற்றினார்கள். அன்றைய ரேட்டிங் ராவுக்கு 5.7, நைட்ரோவுக்கு 5.0.

பிறகு ஓட்டம் எதிர்த்திசையில் தொடங்கியது. கிறிஸ் ஜெரிகோ 1999 ஆகஸ்டில் ராவுக்குப் போனார். வந்த முதல் இரவிலேயே அங்கே பெரும் நட்சத்திரமான 'தி ராக்'கோடு வாய்ச்சண்டை போடவிட்டார்கள். 2000 ஜனவரியில் கிறிஸ் பென்வாவுக்கு உலக பெல்ட்டையே கொடுத்துப் பார்த்தது டபிள்யூ.சி.டபிள்யூ.; மறுநாளே அதை விட்டுவிட்டு அவர் வெளியேறினார். ஜனவரி 31 அன்று பென்வா, எடி கெரேரோ, டீன் மலெங்கோ, பெரி சாடர்ன் நால்வரும் ராவின் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற கடையையே மெக்மான் வாங்கிக்கொண்டார்.

போட்டியாளர் இல்லாத நிலையில் 2002 மார்ச் 25 அன்று ராவையும் அதே நிறுவனத்தின் இன்னொரு நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனையும் பிரித்து, வீரர்களைத் தேர்வு முறையில் பங்கிட்டார்கள். இந்த ஒப்பீடு முன்னதைவிடத் தூய்மையானது. ஏனென்றால் இரு நிகழ்ச்சிகளுக்கும் முதலாளி ஒருவரே, பணமும் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது. ஆகவே, கையில் உள்ள ஆட்களை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே எஞ்சும் வேறுபாடு. பிராக் லெஸ்னர் சாம்பியன் ஆனதும் ஸ்மாக்டவுனோடு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ள, செப்டம்பரில் ரா இன்னொரு பெல்ட்டை எடுத்துப் போட்டி இல்லாமலே டிரிபிள் எச்சின் கையில் கொடுத்தது. கொடுத்தவர், அப்போது ராவின் பொது மேலாளர் வேடத்தில் இருந்த எரிக் பிஷாஃப். நைட்ரோவை நடத்திய அதே மனிதர். ரா இழப்பை ஒரு பெரிய பெயரைக் கொண்டு மூடியது. ஸ்மாக்டவுனோ, பால் ஹேமன் எழுத, கர்ட் ஆங்கிள், பென்வா, எட்ஜ், ரே மிஸ்டீரியோ, எடி, சாவோ கெரேரோ என்ற அறுவரை வாரந்தோறும் மாற்றி மாற்றி மோதவிட்டது. அவர்களில் நால்வர் டபிள்யூ.சி.டபிள்யூ.வில் இருந்து வந்தவர்கள். அங்கே மிஸ்டீரியோவின் முகமூடியைக்கூடக் கழற்றவைத்திருந்தார்கள். இங்கே முகமூடியோடு வந்தார், குழந்தைகள் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

2004 பிப்ரவரி 15 அன்று, சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கௌ பேலஸ் அரங்கில், எடி கெரேரோ தன்னைவிட மிகப் பெரிய உருவமான லெஸ்னரை வீழ்த்தினார். நைட்ரோவில் உலக சாம்பியன் படிக்கு அவரை ஏற்றவே இல்லை. அன்று பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி தடுப்பைத் தாண்டி அவர் கூட்டத்துக்குள் குதித்தபோது, முன்வரிசையில் நின்றவர்கள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.