கல்லூரிக்குப் போன பிள்ளையும் கரையில் இருக்கும் பெற்றோரும்: கழகமா, வாட்ஸ்அப்பா, நேரில் போவதா, வீட்டுக்கு அழைப்பதா?

ஜூன் பிறந்துவிட்டால் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புதுமைப்பெண் திட்டத்துக்கான தாள்கள், ராகிங்கில் ஈடுபட மாட்டோம் என்று மாணவரும் பெற்றோரும் தருகிற உறுதிமொழி என ஒவ்வொரு தாயும் ஒரு கட்டு கொண்டுவருவார். நகல் எடுத்து முடிந்ததும் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: சேர்த்தாயிற்று, இனி அங்கே நடப்பது நமக்கு எப்படித் தெரியும்?

என் மகள் மதுரையில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தாள். 2022இல் சேர்ந்து 2025இல் முடித்தாள், இப்போது முதுகலை. அந்த மூன்று ஆண்டுகளில் நாங்கள் பார்த்த வழிகள் நான்கு. கல்லூரியின் பெற்றோர் ஆசிரியர் கழகம், துறையின் வாட்ஸ்அப் குழு, விழாவுக்கும் விடுதிக்கும் நேரில் போவது, மகளின் தோழிகளை நம் வீட்டுக்கு வரவழைப்பது. என் ஓட்டு நான்காவதற்கு. நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தினமும் போனில் பேசுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது எல்லோரும் செய்வது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் அதில் கல்லூரி வருவதில்லை.

கழகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சேரும்போதே கட்டணத்தோடு சந்தா வாங்கிவிடுகிறார்கள், ஆகவே நாம் எல்லோரும் உறுப்பினர்கள்தான். ஆண்டுக் கூட்டத்தில் குடிநீர், பஸ், கட்டட நிதி பற்றிப் பேசுவார்கள். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிற ஆண்டாக இருந்தால் பெற்றோருக்கு மரியாதை கூடும். ஆனால் உண்மையான பலம் உள்ள இடம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளின்படி, ஒவ்வொரு கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிலும் பெற்றோர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். காவல்துறை, நிர்வாகம், ஆசிரியர், மாணவர் எல்லோரும் உட்காரும் அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு. கல்லூரி இருக்கும் ஊரிலேயே குடியிருக்கும் பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நம்மைப் போலத் தீவில் இருப்பவர்களுக்கு அது எட்டாது.

ஏன் எட்டாது என்பதில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. எந்த வழி சிறந்தது என்பதைவிட, எந்த வழியை ஆறு செமஸ்டருக்கும் விடாமல் நடத்த முடியும் என்பதே பெரிய கேள்வி. நம் கடற்கரைக்கு என்று ஒரு நாள்காட்டி இருக்கிறது. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் டோக்கன் வாங்கித் தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மறுநாள் காலையில் கரை திரும்பும். எங்கள் கல்லூரியில் பெற்றோர் கூட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. என் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். சனிக்கிழமைத் தொழிலை விட்டுவிட்டு மதுரைக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாமே என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர் கரையில்தான் இருக்கிறார். அந்த 61 நாளில் கல்லூரியில் என்ன நடக்கிறது? தேர்வு, பிறகு விடுமுறை. அப்பா ஓய்வாக இருக்கும்போது வளாகம் காலி, வளாகம் களைகட்டும்போது அப்பா கடலில். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லை, அவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு ஓய்வான மாதமே கிடையாது.

இதற்கு மேல் ஒன்று. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால் அடுத்து வருவது வேலைநிறுத்தம். அந்த வாரங்களில் பஸ் கட்டணமும் யோசித்துச் செலவழிக்க வேண்டியதுதான். பணமும் குறித்த தேதியும் கேட்கிற எந்த ஏற்பாடும் அப்போது முதலில் அறுந்துபோகும்.

நேரில் போகும் வழி அடிபடுவதும் இங்கேதான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் போல இருக்கும். மகள் சேர்ந்த அதே ஆண்டு டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபோது அவள் கடைசி செமஸ்டரில் இருந்தாள். அந்த இடைக்காலம் முழுவதும் எங்களுக்குப் பஸ்தான், இல்லையென்றால் மண்டபம் போய் ரயில். அப்படிப் போய்ச் சேர்ந்தால் விடுதியில் பார்வையாளர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள், மகள் கடிகாரத்தைப் பார்ப்பாள். விடுதி நாள், பட்டமளிப்பு விழா இரண்டுக்கும் கட்டாயம் போங்கள். நம்மைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் மலர்வதற்கு ஈடு இல்லை. மற்றபடி ரயில் வந்துவிட்ட இன்றைக்கும் இதை மாதாமாதம் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப் குழு மலிவு, எந்த நாளும் திறந்திருக்கும். வருகைப்பதிவு குறைந்தால் தகவல் வரும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதால் இந்த ஒரு பயனே போதும், குழுவை விட்டு வெளியேறாதீர்கள். மகளின் கீழக்கரைத் தோழி ஒருத்தியின் வாப்பா குவைத்தில் இருக்கிறார். மகளின் படிப்பைப் பற்றி அவருக்கு நேரடியாக வருவது அந்தக் குழுவின் செய்திகள் மட்டும்தான். அவர் இடத்தில் இருந்திருந்தால் என் ஓட்டும் மாறியிருக்கும். ஆனால் அங்கே நடப்பது அறிவிப்புதான், பேச்சு அல்ல. பேச்சாக்க முயன்றால் வினை. ஒரு தந்தை தன் மகளின் அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று எல்லோரும் பார்க்கும்படி கேட்டார். மறுநாள் வகுப்பு முழுக்க அதே பேச்சு. அந்தப் பெண் அதன்பிறகு வீட்டில் கல்லூரியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று பின்னால் அவளே சொன்னாள்.

இனி வீட்டுக்கு அழைப்பது. ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கே வர ஆசை. தனுஷ்கோடி, அரிச்சல்முனை, பேய்க்கரும்பில் கலாம் நினைவகம் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். நாம் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை வந்து இறங்குவார்கள். ஞாயிறு விடியலில் படகு கரை திரும்பும், நண்டும் கணவாயும் வீட்டுக்கு வரும், அப்பாவும் வருவார். கழகக் கூட்டத்துக்கு எந்த நாள்காட்டி எதிரியாக இருந்ததோ அதே நாள்காட்டி இங்கே நமக்காக வேலை செய்கிறது. மீன்பாடு இல்லாத வாரம் என்றால் கருவாட்டுக் குழம்பு. பிள்ளைகள் அதற்கும் குறை சொன்னதில்லை.

சோறு போடுவதால் பலன் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்குப் புரிந்தது வேறு. பலன் வருவது அனுமதி கேட்பதால். விடுதியிலிருந்து ஒரு பெண்ணை வெளியே அனுப்ப, வார்டனுக்கு அவள் வீட்டின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் நான் அவள் அம்மாவோடு பேச வேண்டும். யார் நீங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கடலுக்குள் இறங்க விடுவீர்களா என்று அவர்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அந்த ஒரு பேச்சில் தேனியிலும் சிவகங்கையிலும் மதுரையிலும் எனக்கு ஒரு தாய் பழக்கமானாள். திருப்பி அனுப்பும்போது பிள்ளை பத்திரமாக விடுதி சேர்ந்துவிட்டாள் என்று இன்னொரு பேச்சு. குழுவும் இல்லை, தலைவர் செயலாளரும் இல்லை, சந்தாவும் இல்லை. ஆளுக்கு ஆள் ஒரு போன் எண் மட்டும்.

இரண்டாம் ஆண்டில் மகளுக்கு விடுதியில் காய்ச்சல். கல்லூரியிலிருந்து எங்களுக்குத் தகவல் வருமுன்பே, மதுரையில் வீடுள்ள ஒரு தோழியின் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ரத்தப் பரிசோதனை முடித்து, தன் வீட்டில் படுக்க வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அன்று புதன்கிழமை. கணவர் கடலில் இருந்தார், நான் உடனே கடையைப் பூட்டிக் கிளம்பினாலும் மதுரை சேர இரவாகியிருக்கும். எந்தக் கழகத்தின் எந்தப் பதவியும் எனக்கு அன்றைக்கு அதைச் செய்து தந்திருக்காது.

பாரம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. மீனவர்கள் கைது என்று தொலைக்காட்சியில் ஓடினால் அந்தத் தாய்மார்கள் என்னை அழைக்கிறார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தேனியிலிருந்து போன் வருகிறது.

வளாகச் செய்தியும் இப்படித்தான் வந்துசேர்கிறது. எந்த ஆசிரியர் நன்றாக நடத்துகிறார், யார் பி.எட். போகிறார்கள், யார் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள் எல்லாம் அடுப்படியில் தானாக உதிரும். மகள் முதுகலைக்குக் கடல் உயிரியல் எடுக்கலாமா என்று யோசிப்பதே எனக்கு, நண்டை உடைத்துக்கொண்டிருந்த அவள் தோழி வாயிலிருந்துதான் தெரிந்தது. ஒரு எச்சரிக்கை: தோண்டித் துருவக் கூடாது. தோழிகளை உளவாளிகளாக்க முயன்ற அன்றே இந்த வழி மூடிவிடும், உங்கள் மகளே மூடுவாள்.

ஆசிரியர்களோடு ஒட்டும் இந்தப் பழக்கத்தில்தான் ஏற்பட்டது. துறையின் கல்விச் சுற்றுலா மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பழகிய பிள்ளைகள், மீன் இறங்கும் இடத்தையும் பார்க்கலாமே என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை ஏலம் நடக்கும் நேரத்துக்கு என் கணவர் அவர்களை அழைத்துப்போய், இழுவலையில் என்ன வரும், எந்த மீன் எந்தக் கடல்தரையில் கிடைக்கும் என்று விளக்கினார். அதன்பிறகு துறைத்தலைவர் அவரைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். கழகத்தில் பல ஆண்டு இருந்தாலும் சிலருக்கு இது வாய்ப்பதில்லை.

இந்த வழியின் சிரமங்களையும் சொல்ல வேண்டும். ஒரே குளியலறை, வாசலில் வரிசை நிற்கும். அதெல்லாம் சிறியது. பெரிய பாரம் கடல். அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது, அங்கே குளிக்க இறங்கக் கூடாது. பிறர் பெற்ற பிள்ளை நம் பொறுப்பில் இருக்கும் இரண்டு நாளும் நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. இன்னொன்று, பிள்ளையின் விருப்பம். முதலாண்டு முழுவதும் என் மகள் யாரையும் அழைக்கவில்லை. கொல்லையில் கருவாடு காயும் வீட்டைப் பார்த்து யார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். நாங்கள் வற்புறுத்தவில்லை, இரண்டாம் ஆண்டில் அவளே கேட்டாள். வற்புறுத்தியிருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என் அனுபவம் கலைக்கல்லூரியில் படித்த ஒரு பெண்ணோடு சரி. பையன்களுக்கு இது இதே அளவு பலிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கோவையில் படிக்கும் என் தங்கை மகன் ஒருமுறை நண்பர்களோடு வந்தான். சட்டி காலியானது, எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் பேச்சு என்று ஒன்றும் நடக்கவில்லை. தினமும் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது. மருத்துவம் போல விடுப்பே கிடைக்காத படிப்புகளில் பழக்கம் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கழகத்துக்குச் சந்தா கட்டுங்கள், குழுவில் இருங்கள், அதில் வாய் திறக்காதீர்கள். ராகிங் என்று சந்தேகம் வந்தால் யாருக்கும் காத்திராமல் 1800-180-5522 என்ற இலவச எண்ணை அழையுங்கள். மிச்சமிருக்கும் பணத்தையும் தெம்பையும் பிள்ளையின் நண்பர்களுக்குச் செலவழியுங்கள். அழைப்பதற்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தோதான காலம். மழையும் ஓய்ந்திருக்கும், தேர்வும் நெருங்கியிருக்காது. அந்த இடையில் தை அமாவாசை விழுந்தால் அந்த வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ராமேஸ்வரம் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. திரும்பும்போது ஆளுக்கு ஒரு கட்டுத் தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று கொடுத்து அனுப்பலாம். ஈரச் சாக்கில் சுற்றினால் மதுரை வரை வாடாது.