சிறு ஈக்களை அடையாளம் காண மேக்ரோ லென்ஸ்: மூன்று ஆண்டு அனுபவம்

கைப்பேசிக் கேமராவின் மேல் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலும் தோட்டத்திலும் கண்ணில் படும் சிறு ஈக்களைப் படமெடுத்து, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றி, அவை இன்னவை என்று அறிந்துகொள்ளவே அதைப் பெரும்பாலும் பயன்படுத்தி வருகிறேன். இத்தனை நாள் பழகியதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பதைக் காட்டிலும், ஈயை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

சென்ற ஆவணியில், சமையலறையில் நன்கு கனிந்திருந்த பூவன் பழச் சீப்பின் மேல் 2 மில்லிமீட்டர் அளவுள்ள பழுப்பு ஈக்கள் சில தென்பட்டன. பழத்தை மொய்ப்பவை என்பதால் வீட்டில் எல்லோரும் பழ ஈ என்றே சொன்னார்கள். ஆனால் இவை கையை ஓங்கினாலும் உடனே பறக்கவில்லை. விட்டுவிட்டு விருட்டென்று ஓடின. முதல் நாள் மேலிருந்து எடுத்த இருபது படங்களிலும் மடித்த இறக்கையும் மங்கலான முதுகுமே தெரிந்தன. அவற்றை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மறுநாள் ஒன்றைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, குளிர்பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, அசைவு குறைந்ததும் வெள்ளைத் தாளில் இட்டுப் பக்கவாட்டில் எடுத்தேன். தலை தாழ்ந்து, மார்புப் பகுதி கூன் விழுந்தாற்போல் உயர்ந்திருந்தது. பின்னங்காலின் தொடை தடித்திருந்தது. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டித் தடித்த நரம்புகள் நெருங்கிக் கிடக்க, மீதிப் பரப்பில் மெல்லிய சில நரம்புகள் மட்டும் குறுக்கு நரம்பே இல்லாமல் சாய்வாக ஓடின. இவையெல்லாம் சேர்ந்து அது பழ ஈயான டிரோசோபிலா அன்று, போரிடே குடும்பத்தைச் சேர்ந்த கூன்முதுகு ஈ என்று காட்டின. அழுகும் பொருள் எதிலும் பெருகக்கூடியது என்பதால் தேடியபோது, உருளைக்கிழங்குக் கூடையின் அடியில் கசிந்துபோன கிழங்கு ஒன்று கிடைத்தது. அதை அகற்றிய பின் ஈக்கள் குறைந்தன.

லென்ஸில் குறைகள் உண்டு. ஈக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகே போக வேண்டியிருப்பதால் கைப்பேசியின் நிழல் அதன் மேல் விழுகிறது. கண் தெளிந்தால் இறக்கை மங்கிவிடுகிறது. டார்ச் ஒளியை பட்டர் பேப்பர் வழியாகப் பாய்ச்சியதும் உடலின் பளபளப்பு அடங்கி நரம்புகள் துலங்கின. கவ்வி ஓராண்டிலேயே தளர்ந்துவிட்டது. இப்போது ரப்பர் வளையத்தால் இறுக்கியிருக்கிறேன்.

குளியலறைச் சுவரில் அமரும், உடலெங்கும் மயிரடர்ந்த அந்துப்பூச்சி ஈக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. இறக்கை விளிம்பில் வரிசையாக நிற்கும் வெண்புள்ளிகளே அதை கிளாக்மியா அல்பிபங்டேட்டா என்று காட்டிக்கொடுத்துவிடும். மாம்பழத்தைத் துளைக்கும் பாக்ட்ரோசெரா ஈக்களின் நிலை வேறு. ஒன்றையொன்று நெருங்க ஒத்த இனங்கள் அதில் பல உண்டு; பூச்சியியலாளர்களே தனித்தனி இனங்களாகக் கருதிவந்த சிலவற்றை 2015இல் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற ஒரே இனத்துக்குள் சேர்த்தார்கள். படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் சொல்ல நான் அங்கே துணிவதில்லை.

கூன்முதுகு ஈயிலும் இனத்தைப் பிரித்தறிய நுண்ணோக்கியின் கீழ் ஆணின் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டிவரும். ஆகவே என் பதிவு இன்றும் போரிடே என்ற குடும்பப் பெயரோடுதான் நிற்கிறது; அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.