உருளும் கல்லில் பாசி: திட்டா, பாராட்டா?

மூன்று வருடத்தில் நான்கு கம்பெனி மாறிய பையனிடம் பெரியப்பா ஒருவர், ‘உருளும் கல்லில் பாசி ஒட்டாதுடா’ என்கிறார். பையன் சிரித்துக்கொண்டே ‘தேங்க்ஸ் பெரியப்பா’ என்கிறான். அவர் திட்டியது அவனுக்குப் பாராட்டாகக் கேட்டிருக்கிறது. ‘எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்’ என்ற ஆங்கிலப் பழமொழியோடு இதுதான் தொல்லை. நேர் எதிரான இரண்டு அர்த்தங்களில் அது புழங்குகிறது.

பழையது திட்டுதான். ஓரிடத்தில் தங்காமல் அலைகிறவனுக்குக் காசு சேராது, நாலு பேர் பழக்கமும் நிலைக்காது. இங்கே பாசி என்பது சேமிப்பு. டச்சு அறிஞர் எராஸ்மஸின் லத்தீன் பழமொழித் தொகுப்பில் இது உண்டு. 1546இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பிலும் உண்டு.

புதிய அர்த்தத்தில் பாசி என்பது துரு மாதிரி. ஓடிக்கொண்டே இரு, தேங்கிப்போக மாட்டாய் என்று உற்சாகப்படுத்துகிறார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை மாறுகிறவர்களுக்கு வசதியான அர்த்தம், அவ்வளவுதான்.

எந்த அர்த்தம் மனதில் தோன்றும் என்பது பாசியை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் பாசிக்குத் தனி மரியாதை. கூழாங்கல் பாறையாகி அதில் பாசி படரும் காலம்வரை என்று அவர்கள் தேசிய கீதமே பாடுகிறது. கியோட்டோவின் சைஹோஜி கோயிலைப் பாசிக்காகவே போய்ப் பார்க்கிறார்கள். நமக்கோ பாசி என்றால் குளத்துப் படியில் வழுக்கி விழுவதும், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும்தான். அது ஒட்டாவிட்டால் நிம்மதிதானே! அதனால் பழமொழியைத் தமிழில் சொன்ன உடனே அது இரண்டாம் அர்த்தத்துக்குச் சாய்ந்துவிடுகிறது. அந்தப் பையன் மேல் தப்பே இல்லை.

பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டது ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’. இதுவும் அச்சு அசலாகப் பொருந்தாது. தச்சனின் குறை எதைத் தேர்ந்தெடுப்பது என்று மனம் தாவுவது. கல்லின் குறை இடம் மாறிக்கொண்டே இருப்பது. ஆனாலும் இதைக் கேட்டு யாரும் தேங்க்ஸ் சொல்ல மாட்டார்கள். ஊர்விட்டு ஊர் போவதையே குறை சொல்ல நினைத்தால், ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று கொன்றை வேந்தனே பையன் பக்கம் நிற்கும்.

சரி, எதை எடுப்பது? மனநல மருத்துவர்கள் ஒருவரின் சிந்தனைத் திறனை அறியப் பழமொழிக்கு அர்த்தம் கேட்பதுண்டு, இதையும் கேட்பார்கள். கல்லிலிருந்து மனித வாழ்க்கைக்குத் தாவ முடிகிறதா என்பதுதான் அங்கே கணக்கு, அதனால் எந்த அர்த்தம் சொன்னாலும் செல்லும். பரீட்சையில் வந்தால் மட்டும் பழைய அர்த்தத்தை எழுதுங்கள், பெரும்பாலான அகராதிகளில் இருப்பது அதுதான். தமிழ்க் கட்டுரையில் அதே அர்த்தத்தில் போடுவதாக இருந்தால், பாசி நல்லது என்பதை முந்தைய வரியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தச்சனையே கூப்பிடலாம்.