ஏழு பயிற்சிக்குப் போனேன், ஒன்றுதான் வகுப்பறை வரை வந்தது

தொண்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவுக்கு வேளாண் அறிவியல் எடுக்கிறேன். 2018-லிருந்து ஆசிரியர்களுக்கான பயிற்சி ஏழு முடித்திருக்கிறேன். ஐந்து ஃபோனில், இரண்டு நேரில்.

ஃபோன் பயிற்சிகளுக்குப் பேருந்துச் செலவில்லை. சொட்டுநீர்க் கணக்கு மறந்தால் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். மண்ணைப் பற்றி மட்டும் அதில் எனக்கு எதுவும் தங்கவில்லை.

நேரில் போன முதல் பயிற்சி வெளிமாவட்டத்தில், ஐந்து நாள். முழுக்க வாய்க்கால் பாசனம், கரும்பு. நாங்களோ புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்கு வானம் பார்க்கிறவர்கள். "உப்பு மண்ணா, ஜிப்சம் போடுங்க" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். நானும் அதையே கரும்பலகையில் எழுதினேன். அடுத்த வருடம் ஒரு மாணவன் எழுந்து, "சார், அப்பா கடன் வாங்கி ஜிப்சம் போட்டாரு. மண்ணு அப்படியேதான் இருக்கு, ஏன் சார்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

பதில் கிடைத்தது மாவட்டத்துக்குள்ளேயே நடந்த இரண்டு நாள் பயிற்சியில். அவரவர் ஊர் மண்ணையே கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வாலைவடிநீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டரையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டரையும் விட்டுப் பார்த்தோம். பி.எச். 8.5-க்கு மேல் போய் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருந்தால் அது களர்; அங்கே ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். எங்கள் மண் உவர். கரையும் உப்புதான் கூடுதல். அதற்கு வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்ற வேண்டும். இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது: புத்தகத்தில் இருக்கும் ஈ.சி. 4 என்ற எல்லை, மண்ணைச் சேறாகக் குழைத்து வடித்த சாற்றுக்கு உரியது. நீர்த்த கரைசலில் வரும் அளவு அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். இரண்டையும் நேராக ஒப்பிட்டால், உவர் மண்ணை நல்ல மண் என்று சொல்லிவிடுவோம்.

குறையும் உண்டு. பயிற்சி முடிந்தபின் யாரும் ஒரு ஃபோன்கூடச் செய்து கேட்கவில்லை. மீட்டரை என் கைக்காசில் வாங்கினேன். இப்போது பிள்ளைகள் மே மாதம் ஒருமுறை, மழை ஓய்ந்து தை மாதம் ஒருமுறை ஒரே வயலின் மண்ணைச் சோதிக்கிறார்கள். கோடையில் ஈரம் காயக் காய உப்பு மேலேறி வெள்ளையாகப் பூப்பதையும், மழைக்குப் பின் எண் இறங்குவதையும் அவர்களே நோட்டில் குறிக்கிறார்கள்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கும்போது, எங்களை ஏன் தூரத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் ஆசிரியர்கள் எங்கே போனாலும் ஊர் மண் அரைக் கிலோ பையில் எடுத்துப் போங்கள். வரப்போரத்திலும் எருக்குவித்த இடத்திலும் எடுக்க வேண்டாம். வயலுக்குள் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை வெட்டி எடுத்து ஒன்றாகக் கலந்த மண்ணாக இருக்கட்டும்.