பழைய ராலிக்கு 5,170 ரூபாய்: நாச்சியார்கோவில் சாலையில் ஒரு சைக்கிள் கடை

என் தாத்தா ஓட்டிய ராலி சைக்கிள், அவர் காலமான பிறகு, திருத்துறைப்பூண்டிக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்து வீட்டில் நெற்குதிருக்குப் பின்னால் பதினெட்டு ஆண்டுகள் சாத்தியது சாத்தியபடியே கிடந்தது. உப்புக்காற்று எட்டும் ஊர் என்பதால் பின் ரிம் செதில் செதிலாகத் துருவேறியிருந்தது. பெடலை மிதித்தால் அது வெறுமனே சுற்றியதே தவிர, சக்கரம் அசையவில்லை. காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போன அன்று மாலைதான், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். ராலியின் சின்னமான நாரைத் தலையும் அதோடு நாட்டிங்காம் என்ற பெயரும் தெரிந்தன. மேற்கு வங்கத்து அசன்சோலில் தயாரான சென் ராலி வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளமாக ஓடியிருக்கின்றன. இது அந்த வகை அன்று, இங்கிலாந்திலிருந்தே வந்த வண்டி. பின் சக்கரத்தின் நடுவில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் மேல் 52 என்று பொறித்திருந்ததால், ஹப் தயாரான ஆண்டும் தெரிந்துவிட்டது.

முதலில் நகரத்தில் உள்ள ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். 14,000 ரூபாய் கேட்டார்கள். பழைய பெயிண்டை முழுவதும் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதாகவும், கியர் ஹப்பைத் தூக்கிவிட்டுச் சாதாரண பிரீவீல் போடுவதாகவும் சொன்னார்கள். பெடல் அச்சின் குண்டுகளைத் தாங்கும் கப்பை மாற்ற வேண்டுமென்று புதுக் கப் ஒன்றைச் சம்மட்டியும் ஸ்பேனருமாக உள்ளே ஏற்றவும் பார்த்தார்கள். அது பாதி மரை கூட ஏறவில்லை. மனம் பொறுக்காமல் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் செல்லும் சாலையில், பெயர்ப்பலகை இல்லாமல் தகரக் கொட்டகையில் நடக்கும் கடையைப் பற்றி ஓர் உறவினர் சொல்லித்தான் அங்கே போனேன். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் அவருடைய மகனும் வேலை செய்கிறார்கள். பெரியவர் அந்தப் பழைய கப்பைக் கழற்றி, புதுக் கப்பின் மரையோடு பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற இங்கிலீஷ் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலிக்கு 26 மரை. சட்டத்தின் மரை கெடாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்தான். "கப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி, குண்டுதான் தேஞ்சிருக்கு" என்று சொல்லி, பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கால் அங்குலக் குண்டுகளைப் புதிதாக வைத்து, கிரீஸ் தடவி, பழைய கப்பையே போட்டார். அதற்கான செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை.

பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னைக் கழற்றிய விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். மறுநாள் பெடல் கட்டைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுத்து, அடியின் அதிர்ச்சி குண்டுகளுக்குப் போகாதபடி பார்த்துக்கொண்டு, ஒரே அடியில் பின்னை வெளியே எடுத்தார். புதுப் பின்னின் சரிவை அரத்தால் நான்கைந்து முறை ராவி, போட்டுப் பார்த்து, கழற்றி, மீண்டும் ராவினார். இரண்டு பெடல் கட்டைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்வரை அவர் விடவில்லை.

கியர் ஹப்பில்தான் எனக்குப் பெரும் பயம் இருந்தது. எங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்காக அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து பிசினாகி, மிதிக்கும்போது சக்கரத்தைப் பிடித்துச் சுழற்ற உள்ளே இருக்கும் சிறு நாக்குகளை ஒட்டிப் பிடித்துவிட்டது. மிதித்தும் சக்கரம் சுற்றாததற்குக் காரணம் அவ்வளவுதான். ஹப்பைப் பிரிக்காமலேயே எண்ணெய்த் துளை வழியாக மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் கழுவியதில், மூன்றாம் நாள் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய என்ஜின் ஆயில் விட்டார். இந்த ஹப்புக்குள் கிரீஸ் வைத்தால் அதுவும் நாக்குகளை அசையவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். தொலைந்துபோன எண்ணெய் மூடியைப் பக்கத்து லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கிப் போட்டார்; 150 ரூபாய் ஆயிற்று. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால், அந்த வேலைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

மேடே இல்லாத நம் பகுதியில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள், ஆடி மாதத்தில் மேலைக்காற்றை எதிர்த்து ஆற்றங்கரைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் மிதித்துப் பார்க்க வேண்டும். முதல் கியர், சக்கரத்தின் சுற்றை நடு கியரைவிடக் கால் பங்கு குறைத்துக் கொடுக்கும். மூன்றாவது கியர், மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும். காற்றில் அந்தக் கால் பங்கு முழங்காலுக்குத் தெரிகிறது.

பின் ரிம்மை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டுக் கறுப்பு சைக்கிள்கள் இன்றும் அதே 28க்கு 1½ அளவில், முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகளோடு வருவதால், டயர், டியூப், ரிம், பிரேக் கட்டை எதற்கும் சீமைக்கு எழுத வேண்டியதில்லை. ரிம், கம்பி, கோட்டம் எடுத்த கூலி எல்லாம் சேர்ந்து 1,350, இரண்டு டயர், டியூப் 1,150, செயின், குண்டு, காட்டர் பின் 600, பிரேக் கட்டை 120, மூடி 150, மற்ற வேலைக்குக் கூலி 1,800. பெயிண்ட் அடிக்க மறுத்துவிட்டார். மண்ணெண்ணெயாலும் பஞ்சாலும் துடைத்ததில் மட்கார்டின் தங்கக் கோடு வெளியே வந்தது; செயின் பல்சக்கரத்தில் வெட்டியிருக்கும் மூன்று நாரைகளின் கண்களிலிருந்த அழுக்கைக்கூட ஊசியால் எடுத்திருந்தார். சிறுவயதில் நாங்கள் அதைக் கொக்கு வண்டி என்றுதான் சொல்வோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்குக்குள் தருவதாகச் சொன்ன வண்டி ஆவணி பாதியில்தான் கைக்கு வந்தது. முதல் நாளே, அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் சட்டென்று வெறுமனே சுற்றி, முழந்தாளில் நல்ல அடி பட்டது. நடு கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையே எதையும் பிடிக்காத ஓர் இடம் இந்த ஹப்பில் உண்டு. கேபிள் சரியாக நிற்காவிட்டால் அங்கே நழுவிவிடும். கியரை நடுவில் வைத்து, வலப்பக்க நட்டில் உள்ள துளை வழியாகப் பார்த்தால், உள்ளே போகும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். திரும்பப் போனபோது பெரியவர் மிகவும் வருந்தி, காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். இது ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டிய வேலை.

சீட்டின் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது பர்மிங்காமில் செய்த புரூக்ஸ் தோல் சீட். வறண்டிருந்ததே தவிர, எங்கும் கிழியவில்லை. மகன் நல்லெண்ணத்தோடு அதை இரவு முழுவதும் விளக்கெண்ணெயில் ஊற வைத்துவிட்டார். தோல் அளவுக்கு மீறி இளகி, உட்கார்ந்தால் நடுவில் தொட்டில் போலத் தொய்கிறது. முன்பக்க போல்ட்டை வாரத்துக்குக் கால் சுற்று முறுக்கிப் பார்க்கிறேன். பள்ளம் இன்னும் நிற்கவில்லை.

பழைய இங்கிலீஷ் சைக்கிளைக் குறைந்த செலவில் ஓடவைக்க விரும்பும் டெல்டாக்காரர்கள் தயங்காமல் இந்தக் கடைக்குப் போகலாம். ஒரு மாதம் பொறுக்கத் தயாராக இருங்கள். வண்டியை வாங்கும்போது பக்கத்துப் பாலத்தில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கொடுக்கும்போது தோல் சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள்.